ஒரு துளையைக் காட்டி ஊரை விலை பேசாதே!

(கிராம விளக்கக் கூட்டத்தில் சங்கத்தின் சார்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



களை எடுப்பை அப்படியே போட்டுட்டு, ஒரு நாள் கூலியை விட்டுட்டு இவ்வளவு பேர் வந்திருக்கீங்க. 

மூணு மாசமா நம்ம மானாவாரிக் காட்டுல ரிக் வண்டி ஓடுது. தாமிரம் தேடுகிறார்கள். ஐந்து துளை போட்டிருக்கிறார்கள். இப்போது நிலப் புரோக்கர்கள் ஒரு காகிதத்தை ஜெராக்ஸ் எடுத்து வீடு வீடாகக் காட்டுகிறார்கள். அதில் இருப்பது இரண்டே வரி: "மூன்றாம் துளையில் 40 மீட்டர் நீளத்துக்கு 0.5 சதவீதம் தாமிரம். எல்லாத் திசையிலும் தொடர வாய்ப்பு."

இதை வைத்து ஒருத்தர்கிட்ட, "சுரங்கம் வர்றது உறுதி, இப்பவே எழுதிக் குடுத்துடு, அப்புறம் ஒண்ணும் தேறாது"ன்னு சொல்றாங்க. அடுத்த வீட்டுல, "இது சும்மா டெஸ்ட்டுதான், பயப்படாம கையெழுத்துப் போடு"ன்னு சொல்றாங்க. காகிதம் ஒண்ணு, கதை ரெண்டு! நம்மில் சிலர் முன்பணம் வாங்கிக் கையெழுத்தும் போட்டுவிட்டார்கள். அவர்களை நாம் குறை சொல்லவில்லை. வட்டிக்காரன் வாசலில் நிற்கும்போது யார்தான் யோசிக்க முடியும்? அந்தக் காகிதத்தை எப்படிப் படிப்பது என்று நமக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அதற்குத்தான் இந்தக் கூட்டம்.

போர் போடுவது நமக்குப் புதுசா?

போர் போட்டுக் கடனாளி ஆனவங்க இந்தக் கூட்டத்திலேயே எத்தனை பேர்! பக்கத்துக் காட்டில் 300 அடியில் தண்ணி பீய்ச்சி அடிக்கும். வரப்பைத் தாண்டி நாம் 800 அடி போட்டாலும் புழுதிதான் பறக்கும். ஒரு போரில் தண்ணி வந்தால் ஊருக்கே தண்ணி இருக்குன்னு நாம் சொல்வோமா? தாமிரத் துளையும் அப்படித்தான். கைப்பிடி அகலத்தில் பூமியை எட்டிப் பார்க்கிற ஓட்டை அது. இரண்டு துளைக்கு நடுவே என்ன இருக்கிறது என்பது அடுத்த துளை போடுகிற வரைக்கும் யூகம்தான்.

40 மீட்டர் என்றால் என்ன?

ஒரு அடி தடிமனுள்ள சுவரைக் குறுக்கே துளைத்தால் ஒரு அடிதான் செங்கல் வரும். அதே சுவரின் தலையில் இருந்து கீழ்நோக்கித் துளைத்தால் பத்து அடிக்கும் செங்கல் வரும். சுவர் தடித்துவிட்டதா? இல்லை, துளைத்த திசை மாறிவிட்டது. பூமிக்குள் தாதுப் பாறை பல இடங்களில் சுவர் மாதிரி சாய்ந்தோ நெட்டுக்குத்தாகவோ நிற்கும். ஆகவே முதல் கேள்வி: "40 மீட்டர் துளையின் நீளமா, தாதுவின் உண்மைத் தடிமனா?"

0.5 சதவீதம் எப்படி வந்தது?

இரண்டு மீட்டரில் மட்டும் 10 சதவீதத் தாமிரம் இருந்து, மீதி 38 மீட்டரில் ஒன்றுமே இல்லாவிட்டாலும், கூட்டி வகுத்தால் "40 மீட்டருக்கு 0.5 சதவீதம்" என்றுதான் வரும். ஒரு ஏக்கரில் விளைந்ததை இருபது ஏக்கருக்குப் பங்கு போட்டு எழுதுகிற கணக்கு இது. ஆகவே இரண்டாம் கேள்வி: "மீட்டர் வாரியான முடிவு எங்கே?"

மூணாவது கேள்வி: "மற்ற நாலு துளை என்ன ஆச்சு?" நல்லா வந்ததை மட்டும் காட்டுவது சந்தையில் கூடையின் மேல் வரிசையில் மட்டும் நல்ல தக்காளியை அடுக்குகிற வேலை.

அடுத்தது, "எல்லாத் திசையிலும் தொடர வாய்ப்பு." இதற்கு அர்த்தம் தாது தொடர்கிறது என்பதல்ல. அங்கெல்லாம் இன்னும் துளை போடவில்லை என்பதுதான்!

பாதிக் கல் எங்கே?

துளையில் இருந்து உருளை உருளையாகக் கல் எடுத்துப் பெட்டியில் அடுக்குகிறார்களே, அதை 'கோர்' என்பார்கள். அதை நெடுக்க இரண்டாக அறுத்து, பாதியைச் சோதனைக்கு அனுப்பி, பாதியைப் பத்திரமாக வைக்க வேண்டும். சந்தேகம் வந்தால் அந்தப் பாதியை இன்னொருவர் சோதிக்கலாம். இந்தோனேசியாவில் புசாங் என்ற இடத்தில் பிரெ-எக்ஸ் என்ற கனடா கம்பெனி, பாதியை வைக்காமல் முழுக் கல்லையும் அரைத்தது. அரைத்த தூளில் வெளியே இருந்து தங்கத் துகள் கலக்கப்பட்டிருந்தது. வேறு கம்பெனி வந்து பக்கத்திலேயே துளை போட்டபோது ஒன்றும் இல்லை. 1997-ல் எல்லாம் அம்பலமானது. பங்கு வாங்கியவர்கள் நடுத்தெருவுக்கு வந்தார்கள். எல்லாக் கம்பெனியும் அப்படி என்று நாம் சொல்லவில்லை. ஆனால் முதல் முடிவைப் பார்த்துப் பங்குச் சந்தையில் விலை ஏறுவது உண்மை. அந்தக் காகிதம் பணம் போடுகிறவருக்காக எழுதப்பட்டது, பூமிக்காரருக்காக அல்ல.

நாம் படிக்க வேண்டிய கணக்கு

அரை சதவீதம் என்றால் ஒரு டன் தாதுவில் 5 கிலோ தாமிரம். மீதி 995 கிலோ? அதில் பெரும்பகுதி அரைத்த சகதியாக இங்கேயே கிடக்கும். பல தாமிரத் தாதுக்களில் கந்தகம் கலந்திருக்கும். காற்றும் மழையும் பட்டால் அது அமிலமாகக் கசியும். பப்புவா நியூ கினியாவில், பூகன்வில் தீவின் பாங்குனா சுரங்கத்தில் 1972 முதல் 1989 வரை தாமிரம் எடுத்தார்கள். அதுவும் ஏறக்குறைய அரை சதவீதத் தாதுதான். நூறு கோடி டன்னுக்கும் மேற்பட்ட கழிவு ஜாபா ஆற்று வழியில் போய்ச் சேர்ந்தது. ஆற்றோரத்து மக்களின் தோட்டமும் மீன்பிடிப்பும் பாழாயின. தாது அகலமாகவும் தரம் குறைவாகவும் இருந்தால் கம்பெனி பெரும் பள்ளமாகத்தான் வெட்டும். அவர்களுக்கு "நல்ல முடிவு" என்றால் நமக்குப் பெரிய குழி.

இன்டாக் விவசாயிகள் படித்த காகிதம்

தென் அமெரிக்காவில் ஈக்குவடார் நாடு. அங்கே இன்டாக் என்ற மலைப்பகுதி. நம்மைப் போல சிறு விவசாயிகள். காப்பி, கரும்பு, பீன்ஸ் விளைவிப்பவர்கள். 1990-களில் ஜப்பான் நாட்டார் ஹூனின் என்ற ஊரில் துளை போட்டுத் தாமிரம் தேடினார்கள். 31 கோடியே 80 லட்சம் டன் தாது, தரம் சுமார் 0.7 சதவீதம் என்று கணக்குச் சொன்னார்கள். நாமும் கணக்குப் போடுவோம்: தாமிரம் சுமார் 22 லட்சம் டன். மிச்சக் கல் 31 கோடி டன்னுக்கு மேல்!

அந்த மக்கள் தாமிரக் கணக்கோடு நிற்கவில்லை. 1996-ல் வந்த சுற்றுச்சூழல் அறிக்கையையும் படித்தார்கள். காடு பெருமளவில் அழியும், நூறு குடும்பங்களை இடம் மாற்ற வேண்டும், ஆற்றில் ஈயமும் ஆர்சனிக்கும் சேரும் என்று அதிலேயே எழுதியிருந்தது. கோபத்தில் 1997 மே மாதம் துளை முகாமையே எரித்தார்கள். நம் வழி அதுவல்ல, நம் வழி அறவழி. ஆனால் அதன் பிறகு அவர்கள் சோராமல் செய்ததைப் பாருங்க. சங்கம் கட்டினார்கள், இயற்கைக் காப்பியை வெளிநாட்டுக்கு விற்றார்கள். 2004-ல் கனடா கம்பெனி வந்தது. 2008-ல் அதன் அனுமதி ரத்தானது. 2014-ல் சிலி நாட்டு அரசுக் கம்பெனி வந்தது. மக்கள் நீதிமன்றம் போனார்கள். 2023 மார்ச்சில் மாகாண நீதிமன்றம் அந்த உரிமத்தையும் ரத்து செய்தது. ஏறக்குறைய முப்பது வருடப் போராட்டம்! துளை போடும் காலத்திலேயே அவர்கள் விழித்துக்கொண்டதால்தான் இது முடிந்தது.

நம்ம ஊரிலும் இந்தப் பாடம் உண்டு. மதுரை மாவட்டம் மேலூர் பக்கம் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்க ஏல முடிவு 2024 நவம்பரில் அறிவிக்கப்பட்டது. அரிட்டாபட்டி உள்ளிட்ட ஊர்களில் கிராம சபைத் தீர்மானம் போட்டார்கள். டிசம்பரில் சட்டமன்றமும் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரியில் விவசாயிகள் மதுரைக்குப் பேரணியாகத் திரண்டார்கள். அதே மாதம் 23-ம் தேதி மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. ஒரு வெட்டு வெட்டும் முன்பே தடுத்தார்கள்!

சட்டம் என்ன சொல்கிறது?

1957-ம் ஆண்டு கனிமச் சட்டத்தின் 24-A பிரிவைக் கவனிங்க. உரிமம் வைத்திருப்பவர் நிலத்தில் நுழைய உரிமை தருகிறது. இதை மறைத்துப் பேச நாம் விரும்பவில்லை. அதே பிரிவு, பயிருக்கும் நிலத்துக்கும் நேரும் சேதத்துக்கு இழப்பீடு கொடுக்க வேண்டும் என்றும் சொல்கிறது. வீட்டுக்குள்ளோ, வீட்டை ஒட்டிய தோட்டத்திலோ நம் சம்மதம் இல்லாமல் நுழைய வேண்டுமானால் ஏழு நாள் முன்பே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். துளை போடுவதற்காக நிலத்தை விற்க வேண்டும் என்று சட்டத்தில் எங்கும் இல்லை! அப்படியானால் புரோக்கர் கொண்டு வருகிற கிரைய ஒப்பந்தமும் பவர் பத்திரமும் யாருக்காக?

பெருமக்களே, முடிவாகச் சொல்கிறோம். ஐந்து துளையை வைத்துச் சுரங்கம் வரும் என்றும் சொல்ல முடியாது, வராது என்றும் சொல்ல முடியாது. தேடுகிற இடங்களில் பெரும்பாலானவை சுரங்கம் ஆவதில்லை. ஆகவே பயந்து விற்காதீங்க. ஆசைப்பட்டும் விற்காதீங்க. 'டெஸ்ட்டுதானே'ன்னு சும்மாவும் இருக்காதீங்க. அவர்களுக்குத் தெரியாத காலம்தான் நாம் கேள்வி கேட்கிற காலம்.

நமது கோரிக்கைகள்:

1. ஐந்து துளைகளின் முழு முடிவையும், மீட்டர் வாரியாக, தமிழில் கிராம சபையில் வைக்க வேண்டும்.

2. உரிம நகல், எல்லை வரைபடம், சர்வே எண்கள் ஆகியவற்றை ஊராட்சி அலுவலகத்தில் ஒட்ட வேண்டும்.

3. சுற்றியுள்ள கிணறு, போர்களின் நீர்மட்டத்தையும் தண்ணீரின் தரத்தையும் விவசாயிகள் முன்னிலையில் அளந்து பதிவு செய்ய வேண்டும்.

4. வேலை முடிந்த துளைகளைச் சிமெண்ட் கலவையால் அடைக்க வேண்டும். பயிர்ச் சேதத்துக்கு உடனே இழப்பீடு வேண்டும்.

5. மிரட்டியும் ஏமாற்றியும் வாங்கிய பத்திரங்களை மாவட்ட நிர்வாகம் விசாரிக்க வேண்டும்.

இதற்காகத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு எழுதி வைத்திருக்கிறோம். வீட்டுக்கு ஒருவர் கையெழுத்துப் போடுங்க. முன்பணம் வாங்கியவர்கள் கூச்சப்படாமல் பத்திர நகலோடு சங்கத்துக்கு வாங்க, வக்கீலைப் பார்ப்போம். இனி எந்தக் காகிதம் வந்தாலும் தனியாகக் கையெழுத்துப் போடாதீங்க. ஊர் கூடிப் படிப்போம், ஊர் கூடி முடிவெடுப்போம்.

துளை முடிவு அவர்கள் காகிதம்! பூமி நம்ம பட்டா!

கேள்வி கேட்போம்! கிராம சபையைக் கூட்டுவோம்!

விவசாயிகள் ஒற்றுமை ஓங்குக!