கப்பலில் ஏறும் முன் ஒரு கேள்வி

(இராமநாதபுரத்தில் வணிகர்களும் இளைஞர்களும் கூடிய கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



இராமேஸ்வரத்திலிருந்து தலைமன்னாருக்கு மீண்டும் கப்பல் விடவேண்டும் என்ற பேச்சு எழுந்ததிலிருந்து நம் கடைவீதிகளில் ஒரே உற்சாகம். எத்தனை கிலோ கொண்டு போகலாம், கூலி எவ்வளவு என்று இப்போதே கணக்குப் போடுகிறார்கள். போடட்டும்! வியாபாரி கணக்குப் போடாமல் வேறு யார் போடுவது? நான் கேட்க வந்தது வேறு கணக்கு. கப்பலில் ஏறப்போகும் நீங்கள் எந்த நாட்டுக்காரர்? அதை எந்தக் காகிதத்தைக் காட்டி நிரூபிப்பீர்கள்?

"இதென்ன கேள்வி, நான் கீழக்கரைக்காரன்" என்று ஒரு தம்பி சிரிக்கிறார். உங்கள் பாட்டனாரும் இப்படித்தான் சிரித்திருப்பார்.

1914-இல் பாம்பன் பாலம் திறந்தார்கள். அதே ஆண்டில் தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பலும் ஓடத் தொடங்கியது. எழும்பூரில் போட் மெயில் ஏறி, தனுஷ்கோடியில் கப்பல் மாறி, தலைமன்னாரில் மறுபடி ரயில் ஏறினால் கொழும்பு. ஒரே டிக்கெட்! இரண்டு கரையிலும் வெள்ளைக்காரன் ஆட்சி. பெரியபட்டினம், பனைக்குளம், தேவிபட்டினம், தொண்டி என்று நம் கரையோரத்துச் சபுராளிகள் புறக்கோட்டையில் கடையும் ஊரில் குடும்பமுமாக வாழ்ந்தார்கள். தேயிலைத் தோட்டத்துக்குப் போன ஏழைத் தொழிலாளிகளை மண்டபம் முகாமில் நிறுத்திவைத்து, நோய் உண்டா என்று பார்த்து அனுப்பினார்கள். நம் மண்ணில் இருந்த அந்த முகாமை நடத்தியது யார் தெரியுமா? இலங்கை அரசாங்கம்!

பிறகு 1948 வந்தது. இலங்கை தன் குடியுரிமைச் சட்டத்தை இயற்றியது. அடுத்த ஆண்டு, இந்திய, பாகிஸ்தானிய வாசிகளுக்கென்று தனிச் சட்டம். திருமணமானவர் ஏழாண்டு, ஆகாதவர் பத்தாண்டு, 1946 ஜனவரி 1-க்கு முன்பு இலங்கையில் தொடர்ந்து வசித்திருக்க வேண்டும். அதற்குப் பிறகும் விடாமல் இருந்திருக்க வேண்டும். ஒரே தடவையில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் தொடர்ச்சி அறுந்தது! மனைவியும் சிறு பிள்ளைகளும் கூட அங்கேயே வசித்திருக்க வேண்டும்.

நம் ஆட்கள் நிலையை யோசித்துப் பாருங்கள். மனைவி மக்கள் ஊரில். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை வந்து, ஒரு கல்யாணத்தை முடித்து, ஒரு வீட்டைக் கட்டிவிட்டுத் திரும்புகிறவர்கள். அப்படிப் போக்குவரத்தை எளிதாக்கிக் கொடுத்த ரயிலும் கப்பலுமே அவர்களுக்கு எதிரான சாட்சியாயின. என் வாப்பாவின் வாப்பாவுக்கு ஒரு தம்பி. அண்ணன் காய்ச்சலில் படுத்து ஊரில் பதினான்கு மாதம் தங்கிவிட்டார். குடும்பத்தை முன்பே கொழும்புக்கு அழைத்துக்கொண்ட தம்பிக்கு அந்தச் சிக்கல் இல்லை. ஒரே கடையின் இரண்டு பங்காளிகள் இரண்டு நாட்டுக்காரர்களானார்கள். இலங்கையின் மக்கள் கணக்கெடுப்பிலும் இலங்கைச் சோனகர், இந்தியச் சோனகர் என்று தனித்தனிக் கட்டம் போட்டார்கள். பேசும் தமிழ் ஒன்று, தொழும் பள்ளி ஒன்று, கட்டம் மட்டும் இரண்டு!

தோட்டத் தொழிலாளர் உட்பட அந்தச் சட்டப்படி விண்ணப்பித்தவர்கள் சுமார் 8 லட்சம் பேர். கிடைத்ததோ சுமார் 1 லட்சத்து 34 ஆயிரம் பேருக்குத்தான். மற்றவர்களை இந்தியா தானாக ஏற்றுக்கொண்டதா? இல்லை. வெளிநாட்டில் வசிக்கும் இந்திய வம்சாவளியினர் இந்தியத் தூதரகத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்கிறது நம் அரசியல் சட்டத்தின் 8-ஆவது பிரிவு. அங்கும் இல்லாமல் இங்கும் பதியாமல் போனவர்களுக்குப் பெயர் 'நாடற்றவர்'.

அவர்களைப் பங்குபோட 1964 அக்டோபர் 30-இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் ஒப்பந்தம் செய்தார்கள். 9 லட்சத்து 75 ஆயிரம் பேரில் இந்தியாவுக்கு 5 லட்சத்து 25 ஆயிரம், இலங்கைக்கு 3 லட்சம், மீதி பிறகு பார்த்துக்கொள்ளலாம்! அந்த மனிதர்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. இரண்டு மாதம் ஆகுமுன்பே, டிசம்பர் 22 இரவில் புயல் தனுஷ்கோடியை விழுங்கியது. கப்பல் இராமேஸ்வரத்துக்கு மாறியது. அதில் ஏற்றி அனுப்பப்பட்டவர்கள் வந்திறங்கிய இடம் அதே மண்டபம் முகாம். 1983 கலவரத்துக்குப் பிறகு அகதிகள் வந்து சேர்ந்ததும் அங்கேதான். போர் மூண்டதும் கப்பலும் நின்றது.

அந்த முகாமில் 1986-இல் பிறந்த ஒரு பெண்ணுக்குப் பாஸ்போர்ட் தரச் சொல்லி 2022-இல் மதுரை உயர்நீதிமன்றக் கிளை தீர்ப்பளித்தது. 1987 ஜூலை 1-க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே இந்தியர். அதற்குப் பிறகு பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். ஆக, அவளுக்கு இரண்டு வயது இளைய தம்பி ஒருவன் அதே முகாமில் பிறந்திருந்தால் அவன் அந்நியன்! 2019-இல் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டமாவது இவர்களுக்கு உதவியதா? அதில் இலங்கையின் பெயரே இல்லை. முஸ்லிமின் பெயரும் இல்லை.

இப்போது நம் விஷயத்துக்கு வருவோம். 2023 அக்டோபரில் நாகப்பட்டினம்–காங்கேசன்துறை கப்பல் தொடங்கியது. பாஸ்போர்ட் இல்லாமல் அதில் கால் வைக்க முடியாது. (கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவுக்குப் போகும் நம் யாத்ரீகர்களுக்குப் பயணப் பத்திரமோ விசாவோ தேவையில்லை என்று 1974 ஒப்பந்தம் சொல்வதையும் நினைவில் வையுங்கள்.) கொழும்பில் தொழில் செய்யும் சகோதரர்களே! உங்கள் பிள்ளை அங்கே பிறந்தால், ஓராண்டுக்குள் இந்தியத் தூதரகத்தில் பதிவு செய்யுங்கள். அப்புறம் பார்க்கலாம் என்று விட்டால், மத்திய அரசின் அனுமதி தேடி அலைய வேண்டும். வியாபார வசதிக்காக அந்நாட்டுக் குடியுரிமையை நீங்களாக வாங்கினால், அன்றே இந்தியக் குடியுரிமை போய்விடும். இலங்கை இரட்டைக் குடியுரிமை தருகிறதே என்பீர்கள். தருகிறது, ஆனால் இந்தியா ஏற்பதில்லை. பழைய பாஸ்போர்ட்டைப் பெட்டியில் வைத்துக்கொண்டு இங்கே வந்து ஓட்டும் போட்டால் அது குற்றம்.

குருவியாகப் போகும் தம்பிகளுக்கும் ஒரு வார்த்தை. இரண்டாயிரம் மூவாயிரத்துக்காக யாரோ கட்டிக்கொடுத்த மூட்டையைப் பிரித்துப் பார்க்காமல் தூக்காதீர்கள். பிடிபட்டால் சரக்குக்காரன் பெயர் எந்த ஏட்டிலும் இருக்காது. உங்கள் பாஸ்போர்ட் எண்தான் இருக்கும்.

வீட்டுக்குப் போனதும் அலமாரியைத் திறந்து பாருங்கள். பாட்டனாரின் பழைய பயணப் பத்திரம், வாப்பாவின் பள்ளிச் சான்றிதழ், வீட்டுப் பத்திரம், நிக்காஹ் பதிவு எல்லாவற்றுக்கும் இரண்டு பிரதி எடுங்கள். பெயர் ஒன்றில் 'முஹம்மது' என்றும் மற்றொன்றில் 'முகமது' என்றும் இருந்தால் இப்போதே திருத்த மனுக் கொடுங்கள். மனு எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதிக்கொடுக்க, வாசல் பக்கம் மேசை போட்டு மூன்று தம்பிகள் உட்கார்ந்திருக்கிறார்கள். அஸர் தொழுதுவிட்டு வாருங்கள்.