ரீடெவலப்மென்ட் வரும் வரை வயரிங் காத்திருக்குமா?
(காட்கோபர் அங்கத்தினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"பில்டிங்கே ரீடெவலப்மென்டுக்குப் போகப் போகிறது. இப்போது போய் வயரிங்கில் பணத்தைப் போடுவானேன்?" பந்த் நகர், கரோடியா நகர் பக்கம் பழைய கட்டடங்களில் இருப்பவர்கள் இப்படிக் கேட்பது சகஜம். நியாயமான கேள்விதான். ஆனால் சொஸைடி மீட்டிங், பில்டர், சம்மதக் கடிதம் என்று வருஷங்கள் ஓடிவிடுகின்றன. அதுவரை வீட்டில் இருப்பவர்கள் பெரும்பாலும் வயதான தம்பதிகள்.

அந்த நாளில் தாமிரத்துக்குப் பதில் அலுமினிய வயர் போட்ட வீடுகள் ஏராளம். நாலு விளக்கு, இரண்டு ஃபேன், ஒரு ரேடியோவுக்கு அது போதும். இன்று 2000 வாட் கீஸர் ஒன்றே சுமார் 9 ஆம்பியர் இழுக்கிறது. ஒன்றரை டன் ஏ.ஸி. இன்னொரு 7 ஆம்பியர். விளக்குக்காகப் போட்ட மெல்லிய கம்பி இதற்குச் சூடாகும். அலுமினியம் ஸ்க்ரூவின் அடியில் நாளடைவில் தளர்ந்து, ஆக்ஸைடு படிந்து, இணைப்பே கருகும். ஸ்விட்ச் பழுப்பேறுவது, கருகல் வாசனை, மிக்ஸி போட்டால் விளக்கு மங்குவது எல்லாம் எச்சரிக்கைகள். ஃப்யூஸ் அடிக்கடி போகிறதே என்று தடித்த கம்பி கட்டுவது மகா ஆபத்து.

முழு வயரிங் இப்போது முடியாவிட்டால் மூன்று காரியங்களைச் செய்யுங்கள்.

முதலாவது, ஃப்யூஸை எடுத்துவிட்டு எம்.சி.பி.யும், 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் போடுங்கள். உடம்பு வழியாகத் தரைக்குக் கசியும் கரண்ட் 5 ஆம்பியர் ஃப்யூஸுக்குத் தெரியவே தெரியாது. ஆர்.சி.சி.பி. நொடிக்குள் நிறுத்திவிடும்.

இரண்டாவது, கீஸருக்கும் ஏ.ஸி.க்கும் 4 சதுர மில்லிமீட்டர் ஐ.எஸ்.ஐ. தாமிர வயரில் எர்த்துடன் தனித்தனி லைன். சுவரின் மேலேயே பி.வி.சி. கேஸிங்கில் போகட்டும். தூணையும் பீமையும் கொத்தவே கூடாது. 2017 ஜூலையில் நம் காட்கோபரிலேயே ஸித்தி ஸாயி கட்டடம் இடிந்து 17 பேர் மாண்டார்கள். தரைத்தளத்தில் அனுமதியின்றி நடந்த மாற்று வேலைதான் காரணம் என்று அப்போது பேசப்பட்டது.

மூன்றாவது, மீட்டர் அறை. 2024 செப்டம்பரில் ரமாபாய் காலனியின் ஏழு மாடிக் கட்டடம் ஒன்றில், நள்ளிரவுக்குப் பின், தரைத்தள மீட்டர் அறையில் தீப்பிடித்தது. புகை மேலே ஏறி 13 பேருக்கு மூச்சுத் திணறல். சுமார் 90 பேரைத் தீயணைப்புப் படையினர் மீட்டார்கள். நம் ஃப்ளாட்டில் எல்லாம் புதிதாக இருந்தாலும் மாடிப்படி ஒன்றுதானே? பழைய பேப்பர், சைக்கிள் எதுவும் அங்கே வேண்டாம். கேபிளை மாற்றச் சொஸைடியில் தீர்மானம் போடச் சொல்லுங்கள்.

வேலையை அரசு உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரரிடமே கொடுங்கள். முடிந்ததும் மெக்கர் வைத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். ரீடெவலப்மென்ட் வந்தால் எம்.சி.பி. பெட்டியைக் கழற்றிக்கொண்டு போகலாம். நஷ்டம் அதிகமில்லை.

டெல்லியிலும் பெங்களூரிலும் வெளிநாட்டிலும் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். அப்பா அம்மாவுக்கு ஏ.ஸி. வாங்கித் தருவது நல்ல மனசு. அதற்கு முன்னால் அந்த வீட்டு வயரைப் பார்க்க ஒருவரை அனுப்புங்கள். அந்தச் செலவையும் நீங்களே ஏற்றுக்கொள்ளுங்கள். அவர்களாகக் கேட்கமாட்டார்கள்.