மலைக்கு எப்போது வரும் மக்கள்நல அரசு?

(கள்ளக்குறிச்சியில் ஆற்றிய உரை)



"மக்கள்நல அரசு என்பது பணக்கார தேசங்களின் சமாச்சாரம், நம்மைப் போன்ற நாட்டுக்குக் கட்டுப்படியாகாது" என்று சிலர் பேசுகிறார்கள். உண்மைதானா? சரித்திரத்தைப் புரட்டிப் பார்ப்போம்.

ஜெர்மனியில் 1883-இல் நோய்க்கால இன்ஷூரன்ஸும், 1889-இல் முதியோர் பென்ஷனும் வந்தன. கொண்டுவந்தவர் பிஸ்மார்க். தொழிலாளர் மீது கொண்ட பாசத்தாலா? இல்லை! 1878-இல் சோஷலிஸ்டுகளை ஒடுக்கச் சட்டம் போட்டவரும் அவரேதான். சவுக்குக்கு அடங்காத இயக்கத்தைச் சலுகையால் அடக்கப் பார்த்தார். பிரிட்டனில் 1948 ஜூலையில் இலவச வைத்தியம் துவங்கியபோது, அந்த நாடு யுத்தக் கடனில் மூழ்கி, ரேஷனில் காலம் தள்ளிக்கொண்டிருந்தது.

அண்டை நாடான இலங்கை பணக்கார நாடா? அங்கே 1945-இலேயே இலவசக் கல்வி வந்தது. 1953-இல் ரேஷன் அரிசியின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக்கினார்கள். ஆகஸ்ட் 12-ந் தேதி நாடே ஹர்த்தாலில் இறங்கியது. பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். பெற்றதைக் காப்பாற்றவும் போராட்டம் தேவை என்பதே அதன் பாடம். ஆனால் அதே இலங்கை, 1948-இல் தோட்டத் தமிழ்த் தொழிலாளர்களின் பிரஜா உரிமையைப் பறித்தது. ஆகவே, நலம் உண்டா என்று கேட்டால் மட்டும் போதாது. யாருக்கு நலம் என்றும் கேட்க வேண்டும்.

இந்தக் கேள்வியோடு கல்வராயன் மலையைப் பாருங்கள். சென்னை மாகாணத்தில் எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் வந்தது 1948-இல். மலைமேல் மூன்று ஜாகீர்கள் ஒழிந்ததோ 1976-இல்! இடைப்பட்ட 28 ஆண்டுகளும் மலையாளிப் பழங்குடி மக்கள் ஜாகீர்தாருக்குக் கூலியில்லாமல் வெட்டி வேலை செய்தார்கள். உழுபவனுக்கு நிலமும் இல்லை, உழைப்புக்குக் கூலியும் இல்லை என்றால், நலத்திட்டம் எங்கே வேர் பிடிக்கும்?

நம் மாநிலம் சும்மா இருக்கவில்லை. 1956-இல் காமராஜர் காலத்தில் மதிய உணவு, 1962-இல் முதியோர் பென்ஷன், 1982-இல் விரிவான சத்துணவு ஆகியவை வந்தன. 2006-இல் ஊரக வேலை உறுதித் திட்டம், முதல் கட்டத்திலேயே அன்றைய விழுப்புரம் ஜில்லாவுக்கு வந்தது. நாடு செழிக்கட்டும் என்று இவை காத்திருக்கவில்லை. ஜெர்மன் வழியிலான இன்ஷூரன்ஸ் மாதச் சம்பளக்காரருக்குப் பொருந்தும். காட்டிலும் மேட்டிலும் உழைப்பவருக்கு ஏது சம்பளப் பட்டியல்? பொது வரிப்பணத்திலிருந்து, எல்லோருக்கும் உரிமையாக வழங்குவதே நமக்கு ஏற்ற வழி.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. அதன் பிறகே உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து கல்வராயன் மலை மக்களின் நிலையை விசாரித்தது. பிணம் விழுந்தால்தான் மலையின் பக்கம் பார்வை திரும்புமா?

தோழர்களே! ஏழை நாட்டிலும் மக்கள்நல அரசு சாத்தியம்தான். ஆனால் அது தானாக மலையேறாது. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டப்படி பட்டா, மழைக்காலத்திலும் பஸ் போகும் ரஸ்தா, இரவிலும் டாக்டர் இருக்கும் ஆஸ்பத்திரி ஆகிய மூன்றையும் ஒவ்வொரு கிராமசபையிலும் எழுதிக் கேட்போம். நாம் கேட்பது தர்மம் அல்ல, உரிமை!