ஓடும் கால்களுக்கு ஊர் தரவேண்டிய துணை

 

வெள்ளி விழாக் காணும் இச்சங்கத்தின் மேடையில் கல்வியைப் பற்றிப் பேசுவோர் பலர் உளர். எங்களுக்குக் கொடுக்கப்பட்ட பொருள் விளையாட்டு. விளையாட்டும் கல்வியின் ஒரு கூறே என்பதை நிலைநாட்ட நீண்ட வாதங்கள் வேண்டியதில்லை. ஒரு பெண்ணின் பள்ளிப் பருவத்தை எடுத்துரைத்தாலே போதும். அவர் நம் தாமிரபரணிக் கரையைச் சேர்ந்தவர் அல்லர்; மதுரை மாவட்டத்துச் சக்கிமங்கலம் அவருடைய ஊர். பெயர் ரேவதி வீரமணி.

1998-இல் பிறந்த ரேவதி, ஆறு வயது நிறைவதற்கு முன்பே தந்தையையும் தாயையும் அடுத்தடுத்து இழந்தார். அவரையும் அவருடைய தங்கையையும் வளர்க்கும் பொறுப்பு தாய்வழிப் பாட்டியின் தோளில் விழுந்தது. அம்மூதாட்டி பிறர் நிலங்களில் கூலி வேலை செய்தார். செங்கற் சூளையிலும் உழைத்தார். வறுமையைக் கண்ட உறவினர்கள், பிள்ளைகளையும் வேலைக்கு அனுப்பிவிடும்படி அறிவுரை கூறினர். பாட்டி இசையவில்லை. பிள்ளைகள் படிக்கத்தான் வேண்டும் என்று உறுதியாக நின்றார். இவ்வரலாற்றின் முதல் வெற்றி ஓடுகளத்தில் பெற்றதன்று. அந்த மறுப்பில் பெற்றது.

2014-15-ஆம் கல்வியாண்டில் பள்ளிகளுக்கிடையே நடந்த ஒரு போட்டியில் ரேவதி வெறுங்காலுடன் ஓடினார். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் பயிற்சியாளர் கண்ணன் அந்த ஓட்டத்தைக் கண்டார். முறையான பயிற்சியின்றி, காலணியுமின்றி இத்துணை விரைவாக ஓடும் பெண் பயிற்சி பெற்றால் எவ்வளவு உயர்வார் என்று எண்ணிய அவர், பயிற்சிக்கு வருமாறு அழைத்தார். அப்போதுதான் பெரிய தடை எதிர்ப்பட்டது. மதுரை எம்.ஜி.ஆர். விளையாட்டரங்கிற்கு நாள்தோறும் சென்றுவர 40 ரூபாய் பேருந்துக் கட்டணம் ஆகும். அந்த 40 ரூபாய் அவ்வீட்டில் இல்லை. பாட்டியும் முதலில் தயங்கினார். கண்ணன் அவரிடம் எடுத்துரைத்து இசைவு பெற்றார். மதுரை டோக் பெருமாட்டி கல்லூரியில் ரேவதிக்கு இடமும் விடுதியும் கிடைக்க வழி செய்தார். 2016-இல் தேசிய இளையோர் போட்டியிலும்கூட ரேவதி வெறுங்காலுடன்தான் ஓடினார். அதன் பின்னரே காலணியும் சத்துணவும் ஒழுங்காகக் கிட்டின.

100 மீட்டரும் 200 மீட்டரும் ஓடிவந்த அவர், 2019-இல் பட்டியாலாவில் உள்ள தேசியப் பயிற்சி முகாமிற்குச் சென்றார். அங்கே பயிற்சியாளர் கலினா புகாரினாவின் அறிவுரைப்படி 400 மீட்டருக்கு மாறினார். 2021 ஜூலையில் நடந்த தகுதித் தேர்வில் 53.55 விநாடிகளில் முதலாவதாக வந்தார். அதே மாதம் 30-ஆம் நாள் டோக்கியோ ஒலிம்பிக்கில் கலப்புத் தொடர் ஓட்டத்தில் இந்தியாவுக்காக ஓடினார். நால்வர் அணியில் ரேவதி, சுபா வெங்கடேசன், ஆரோக்கிய ராஜீவ் ஆகிய மூவர் தமிழகத்தவர். மற்றவர் கேரளத்தின் முகமது அனஸ். அணி இறுதிச் சுற்றை எட்டவில்லை. ஆயினும் கூலி வேலை செய்து பேத்தியைப் படிக்க வைத்த பாட்டி, அவள் நாட்டின் உடையணிந்து ஓடியதைக் கண்டார். ரேவதிக்குத் தென்னக இரயில்வேயில் பணியும் கிடைத்திருந்தது.

அன்பர்களே! அந்த 40 ரூபாயைச் சற்றே எண்ணிப் பாருங்கள். கால்களில் வலிமை இருந்தது. உள்ளத்தில் ஆர்வம் இருந்தது. இடையில் நின்றது பேருந்துக் கட்டணம். அதைக் கடக்கத் துணைநின்ற பெரியவர் ஒருவர் இருந்திராவிட்டால், ரேவதி என்னும் பெயரை நாம் இன்று அறிந்திருக்க மாட்டோம்.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய செய்தியன்று. அமெரிக்காவில் அடிமையாக இருந்தவரின் பேரனாக, வாரக் குத்தகை விவசாயியின் மகனாக, 1913-இல் பிறந்தவர் ஜெஸ்ஸி ஓவன்ஸ். கிளீவ்லாந்து நகரில் பள்ளியில் படித்தபோது, மாலை நேரங்களில் அவர் வேலைக்குச் செல்ல வேண்டியிருந்தது. ஆதலால் பள்ளி அணியினரோடு மாலைப் பயிற்சிக்கு வர இயலவில்லை. சார்லஸ் ரைலி என்னும் ஆசிரியர் அவரை விலக்கிவிடவில்லை. காலையில் பள்ளி தொடங்குமுன் தனியே வரச்செய்து பயிற்றுவித்தார். 1933-இல், பள்ளி மாணவராக இருக்கும்போதே, ஓவன்ஸ் 100 கெஜ ஓட்டத்தை 9.4 விநாடிகளில் முடித்து உலகச் சாதனையைச் சமன் செய்தார். பின்னர்ப் படித்த பல்கலைக்கழகத்தில், கறுப்பினத்தவர் என்பதால், வளாக விடுதியில் தங்க அவருக்கு இடமில்லை. அவர்தாம் 1936-இல் பெர்லின் ஒலிம்பிக்கில் 4 தங்கப் பதக்கங்களை வென்றார். ஆசிரியர் ஒருவர் தம் நேரத்தை மாணவனின் வறுமைக்கேற்ப மாற்றிக்கொண்டதன் பயன் அது.

இனி நம் பள்ளத்தாக்கைப் பார்ப்போம். பாபநாசம் முதல் ஸ்ரீவைகுண்டம் வரை, வாய்க்கால் கரையிலும் அறுவடை முடிந்த வயலிலும் காற்றெனப் பறக்கும் பிள்ளைகளுக்குக் குறைவில்லை. குறுவட்டப் போட்டிகளில் நம் தெருப் பிள்ளைகள் முதலாவதாக வருவதை ஆசிரியர்களாகிய நாங்கள் ஆண்டுதோறும் காண்கிறோம். வருவாய் மாவட்டப் போட்டியில் அவர்களுள் சிலரே நிற்கின்றனர். மாநிலப் போட்டிக்கு முன் பலர் மறைந்துவிடுகின்றனர். எங்கே போனார்கள் என்று தேடினால், பெண்பிள்ளை பீடித் தட்டின் முன் அமர்ந்திருப்பாள்; ஆண்பிள்ளை வாழைத்தார் சுமந்துகொண்டிருப்பான். பத்தாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் இடைப்பட்ட அந்த ஆண்டுகளில்தான் ஓட்டமும் நிற்கிறது, படிப்பும் நிற்கிறது.

இதற்காகப் பெற்றோரைப் பழிப்பது எளிது, அது முறையன்று. வீட்டில் உலை கொதிக்க வேண்டும். ஆகவே ஊரும் சங்கமும் செய்ய வேண்டியவற்றைச் சொல்ல விரும்புகிறோம்.

முதலாவது, பயிற்சிக்குச் செல்லும் வழி. 2021 முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் மகளிர்க்குக் கட்டணமில்லை. மாணவர்க்கும் இலவசப் பயண அட்டை உண்டு. எனினும் அதிகாலையில் பாளையங்கோட்டை அண்ணா விளையாட்டரங்கிற்குச் செல்லவும், இருட்டிய பின் திரும்பவும் பெண்பிள்ளைக்குத் துணை வேண்டும். தெருவுக்கு ஒரு தாய் முறைவைத்துச் சென்றால் இது தீரும்.

இரண்டாவது, உணவும் காலணியும். ஆணி பதித்த ஓட்டக் காலணி ஓர் இணை வாங்குவது கூலி வீட்டிற்கு எட்டாத செலவு. சங்கம் பாடநூல் வழங்குவதுபோல இதனையும் வழங்கலாம்.

மூன்றாவது, விடுதி. விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் நடத்தும் விடுதிகளில் பள்ளி மாணவர்களைத் தேர்வு செய்து சேர்க்கின்றனர். அறிவிப்பு வரும் காலத்தில் நம் வீடுகளில் பிறப்புச் சான்றிதழும் சாதிச் சான்றிதழும் ஆயத்தமாக இருப்பதில்லை. சான்றிதழ் தேடும் நாட்களில் தேர்வு நாள் கடந்துவிடுகிறது. சங்க இளைஞர்கள் இப்பணியை ஏற்றல் வேண்டும்.

நான்காவது, எங்களுக்கே உரியது. தேர்வு நெருங்கியதும் விளையாட்டுப் பாடவேளையைக் கணக்கிற்கும் அறிவியலுக்கும் எடுத்துக்கொள்ளும் வழக்கம் பல பள்ளிகளில் உண்டு. மற்றப் பாடங்களில் பின்தங்கிய பிள்ளை தன்னை மதிப்புடையவளாக உணரும் ஒரே வேளை அதுவாக இருக்கலாம். அதைப் பறித்தல் தகாது.

ஓடினால் படிப்பு கெடாதா என்று கேட்பீர்கள். ஓடுவோர் பல்லாயிரவர், ஒலிம்பிக்கை அடைவோர் விரல்விட்டு எண்ணத்தக்கவர். தசை ஒன்று கிழிந்தால் ஓராண்டு ஓட்டம் போய்விடும். ஆதலின் படிப்பைக் கைவிட்டு ஓடச் சொல்லவில்லை. ரேவதிக்குக் கல்லூரியே பயிற்சிக்கும் நிழல் தந்தது. ஓட்டம் பள்ளியில் நிற்க ஒரு காரணம் தரும். பள்ளி, ஓட்டம் ஓய்ந்த பின்னும் வாழ வழி தரும். இரண்டும் ஒரே வண்டியின் இரு காளைகள்.

தாய்மார்களே! நாளை உங்கள் வாசலில் ஓர் ஆசிரியர் வந்து, உங்கள் மகள் நன்றாக ஓடுகிறாள் என்று சொன்னால், உடனே முடியாது என்று சொல்லிவிடாதீர்கள். அவரை உட்காரச் சொல்லிக் கேளுங்கள். சங்கப் பெரியவர்களே! அத்தாய் செலவுக்கு என்ன செய்வேன் என்று கேட்கும்போது, அவள் அருகில் நீங்கள் நில்லுங்கள். அடுத்த 25 ஆண்டுகளில் இச்சங்கத்தின் ஏட்டில் பட்டதாரிகளின் பெயர்களோடு ஓட்ட வீரர்களின் பெயர்களும் நிறையட்டும்.