ஆற்றுமட்டியும் மரபணுக் குறிப்பானும்



ஐரோப்பாவின் குளிர்ந்த, தெளிந்த ஓடைகளில் நன்னீர் முத்துமட்டி வாழ்கிறது. நூறாண்டுக்கு மேலும் உயிர்வாழ வல்லது இது. இதன் இளவுயிரி சால்மன் அல்லது டிரவுட் மீனின் செவுளில் பல மாதம் ஒட்டியிருந்து, பின் உதிர்ந்து, ஆற்றுப்படுகைக் கற்களிடையே புதையும். அவ்விடுக்குகளை வண்டல் அடைத்துவிட்டால், குஞ்சுகள் உயிர்வளியின்றி மடியும். முதிர்ந்தவையோ தொடர்ந்து வாழும். ஆதலால், மட்டி நிறைந்ததாகத் தோன்றும் ஓடையில் அடுத்த தலைமுறையே இல்லாதிருக்கக்கூடும்.

இவ்வினத்தைக் காக்க, மீன்களின் துணையோடு குஞ்சுகளை வளர்த்து ஓடைகளில் விடுகின்றனர். எந்த ஓடையின் மட்டியை எந்த ஓடையில் விடுவது? ஓட்டைப் பார்த்து விடை கூற இயலாது. வாழும் சூழலுக்கேற்ப ஓட்டின் வடிவம் மாறும். எனவே மரபணுக் குறிப்பான் தேவைப்படுகிறது.

தமிழில் ஒரு சொல் அடுக்கி வருவதை அடுக்குத்தொடர் என்கிறோம். டி.என்.ஏ. இழையிலும் இரண்டு, மூன்று எழுத்துகள் பலமுறை அடுக்கி வரும் இடங்கள் உண்டு. அடுக்கின் எண்ணிக்கை மட்டிக்கு மட்டி வேறுபடும். தாய்தந்தையரிடமிருந்து குஞ்சுக்கு வரும். அவ்விடங்களைத் தேடிக் கண்டு, இருபுறத்து எழுத்துவரிசையை அறிந்து, அப்பகுதியை மட்டும் படியெடுக்க உதவும் பிரைமர்களை அமைக்கவேண்டும். பின்னர்ப் பல மட்டிகளில் சோதித்து, எல்லாவற்றிலும் ஒரே அளவு காட்டுவனவற்றைக் கழிக்கவேண்டும். எஞ்சுவனவே குறிப்பான்கள். முத்துமட்டிக்குரிய இத்தகைய குறிப்பான்களை ஜெர்மானிய ஆய்வாளர்கள் 2003இல் வெளியிட்டனர். சோதனைக்காக மட்டியைக் கொல்ல வேண்டியதில்லை. சிறிதளவு குருதிநீர் போதும்.

மைட்டோகாண்டிரியாவின் டி.என்.ஏ. மட்டும் போதாதா எனலாம். பொதுவாக அது தாய்வழி வருவது. பல நன்னீர் மட்டியினங்களிலோ, ஆணின் விந்தணுவில் தந்தைவழி இழையும் உண்டு. இதனை அறியாது ஒப்பிட்டால், ஓரினமே ஈரினமாகத் தோன்றிவிடும்.

புதிய குறிப்பான்களால் மத்திய ஐரோப்பிய ஓடைகளை ஒப்பிட்டபோது, தம்முள் பெரிதும் வேறுபட்ட மட்டிக்கூட்டங்கள் புலப்பட்டன. அவற்றை ஆராயாது கலப்பது, காக்க வந்த வேற்றுமையையே அழிப்பதாகும்.

நம் மலேசிய நீர்நிலைகளிலும் மட்டிகள் உண்டு. அயலிருந்து வந்த சீனக் குளமட்டியும் குடியேறியுள்ளது. நம் மண்ணுக்குரியது எது, வந்தேறியது எது என்று தெளியவும் மரபணு ஒப்பீடு துணைபுரியும். மட்டியின் எண்ணிக்கையைப் பிறகும் பெருக்கலாம். ஓர் ஓடையில் நெடுங்காலம் உருவான மரபு அழிந்தால் மீளாது. ஆகவே, விடுமுன் கால்வழி அறிவோம்.