ஏற்றமும் உலையும்



பெங்களூருத் தமிழ்ச் சபையாராகிய நீங்கள் இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவுக்கு, கிராம வாழ்விலும் இயற்கையிலும் கிறிஸ்தவ ஆன்மிகம் என்ற பொருளைத் தந்தீர்கள். ஆகாயத்துப் பறவைகளையும் காட்டுப் பூக்களையும் பற்றிப் பேசுவேன் என்று எதிர்பார்த்திருக்கலாம். மலைப்பிரசங்கத்திலேயே அவை இருக்கின்றன. யாரும் மறுக்க முடியாது. ஆனால் என் மனம் போய் நிற்பது தண்ணீர் இறைத்தவனிடமும் உலை வைத்தவளிடமும்தான். வயலில் கடவுளைக் கண்டேன் என்று சொல்பவன் அந்த வயலில் குனிந்து நிற்பவளைக் காணாவிட்டால், அவன் கண்டது கடவுள்தானா என்று எனக்குச் சந்தேகம் உண்டு.

தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரிலிருந்து தொடங்குகிறேன். 1774இல் திருநெல்வேலியில் பிறந்தவர். சிறுவனாக மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரோடு தஞ்சாவூருக்கு வந்தார், சரபோஜி மன்னருக்கு நண்பரானார், 1864இல் மறைந்தார். அவருடைய பெத்லகேம் குறவஞ்சி உங்களுக்குத் தெரியும். நற்செய்தியைச் சொல்லக் குறத்தியையும் பறவை பிடிக்கும் சிங்கனையும் மேடையேற்றிய நூல். அதைவிட எனக்கு நெருக்கமானது அவர் பாடிய ஞான ஏற்றப்பாட்டு.

ஏற்றம் பார்த்திராத இளையோருக்காகச் சற்று விரித்துச் சொல்கிறேன். கிணற்றோரம் உயரமாக ஒரு கால் நட்டிருக்கும். அதன் மேல் நீளமான துலா. துலாவின் முனையில் கழியும், கழியின் நுனியில் நீர் அள்ளும் சாலும் தொங்கும். ஓர் ஆள் துலாவின் மேல் முன்னும் பின்னும் நடப்பான். அவன் பாரம் மாறும்போது சால் இறங்கும். மறுபடி மாறும்போது நிரம்பி மேலே வரும். கீழே நிற்பவன் அதைப் பிடித்து வாய்க்காலில் கவிழ்ப்பான். பாட்டு அவனுடையது. எத்தனை சால் ஆயிற்று என்ற கணக்கு அந்தப் பாட்டுக்குள்ளேயே ஓடும். கால் பிசகினால் மேலே நடப்பவன் கிணற்றில்தான் விழுவான். ஆகவே அந்தப் பாட்டு இரண்டு பேரின் உயிரையும் ஒரே தாளத்தில் கட்டி வைத்திருந்தது. அந்த மெட்டுக்குள் சாஸ்திரியார் ஞானத்தை ஏற்றினார். வேலையை நிறுத்திவிட்டுச் செய்வதுதான் ஜெபம் என்று நினைத்திருந்தால் அவருக்கு அந்த மெட்டு தோன்றியிருக்காது.

பெண்களுக்கு ஏற்றத்தில் வேலை இல்லை. அவர்களுடைய ஜெபம் அடுப்படியில் நடந்தது. திருநெல்வேலிச் சீமைச் சபைகளில் கைப்பிடி அரிசி என்று ஒரு காணிக்கை உண்டு. உலை கொதிக்கிறது, அரிசியை அளந்தாயிற்று. களைந்து போடுவதற்கு முன் அதிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனிக் கலயத்தில் போடுவார்கள். வீட்டில் அரிசி குறைவாக இருக்கும் நாளிலும் அந்தப் பிடி உண்டு. ஞாயிற்றுக்கிழமை கலயம் கோயிலுக்குப் போகும். இறையியல் நூல் எதுவும் படிக்காத ஒரு தாய் நாள்தோறும் தன் பசியிலிருந்து பிடித்து எடுத்த காணிக்கை அது. நம் சபை வரலாறுகளில் மிஷனரிமாரின் பெயர்களுக்கு எத்தனையோ பக்கங்கள். இந்தக் கலயத்துக்கு ஒரு வரி கிடைத்தாலே அதிகம். எனக்கு அது பெரிய வருத்தம்.

இனி சொல்லப்போவது கசப்பானது. ஏற்றப்பாட்டுப் பாடிய அதே சாஸ்திரியார், 1820களில் புதிதாக வந்த மிஷனரிமார் கோயிலுக்குள் சாதி வேறுபாடு கூடாது என்றபோது, அவர்களை எதிர்த்து எழுதினார். ஏற்றக்காரனின் மெட்டை அவரால் எடுத்துக்கொள்ள முடிந்தது. ஏற்றக்காரனோடு ஒரே வரிசையில் உட்கார முடியவில்லை. அவர்மேல் எனக்குள்ள மதிப்பு குறையவில்லை; ஆனால் இதை மறைத்து அவரைப் புகழ எனக்கு மனம் வரவில்லை.

தீராமல் நின்ற அந்தச் சாதிக் கணக்கை ஒன்றரை நூற்றாண்டு கழித்துக் கையில் எடுத்தவர் தியோபிலஸ் அப்பாவு. மதுரை அரசரடித் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியர், பரட்டை என்ற பெயரில் பாடல்கள் எழுதியவர், 2005இல் மறைந்தார். கீர்த்தனையும் ஆங்கில ஞானப்பாட்டும் கோலோச்சிய வழிபாட்டுக்குள் அவர் கிராமிய மெட்டுகளைக் கொண்டுவந்தார். ஆனால் இசை மட்டும் அவருக்குப் போதவில்லை. எல்லாரும் ஒரே உலையில் பொங்கி, ஒன்றாக உண்பதே நற்கருணையின் பொருள் என்று கற்பித்தார். யார் வீட்டுச் சோற்றை யார் உண்ணலாம் என்பதில்தான் சாதி உயிரோடிருக்கிறது என்பதை அறிந்த மனிதரின் இறையியல் அது.

இனி இந்தப் பெங்களூருவுக்கு வருவோம். 1967இல் இங்கே தொடங்கப்பட்ட தேசிய விவிலிய, மறைக்கல்வி, திருவழிபாட்டு மையத்தைத் தமிழரான அருட்தந்தை அமலோற்பவதாஸ் கட்டி வளர்த்தார். தரையில் அமர்வது, செருப்பைக் கழற்றுவது, கைகூப்பி வணங்குவது, எண்ணெய் விளக்கு, ஆரத்தி என்று பன்னிரண்டு வழக்கங்களுக்கு 1969இல் ரோமாபுரி இசைவு தந்தது. நல்ல காரியம். ஆனாலும் அவற்றில் மேல்சாதிக் கோயிலின் சாயல்தான் மிகுதி, சேரியின் பறை எங்கே என்று தலித் கிறிஸ்தவர்கள் கேட்டார்கள். கேட்டது நியாயம். நகரின் வடக்கே சில்வேபுராவில் பல பத்தாண்டுகளாகத் தீட்டிவரும் ஓவியர் ஜோதி சாஹி, மரத்திலும் மண்ணிலும் தண்ணீரிலும் கிறிஸ்துவைத் தேடியிருக்கிறார். ஒரு கிராமத்திலேயே குடியிருந்து தேடியதால்தான் அந்தத் தேடலை நான் நம்புகிறேன்.

நமக்கு வயல் இல்லையே என்பீர்கள். உண்மைதான். சிவாஜிநகர் மரியன்னை பசிலிக்கா, செஞ்சிப் பக்கத்திலிருந்து வந்த தமிழர் எழுப்பிய சிறு கோயிலிலிருந்து வளர்ந்தது. அந்த இடத்தில் இன்று நெல் இல்லை. ஏற்றமும் இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். காவிரித் தண்ணீர் சுமார் 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து, ஏறத்தாழ 500 மீட்டர் உயரம் ஏற்றப்பட்டு உங்கள் குழாய்க்கு வருகிறது. துலாவில் நடந்தவனின் இடத்தில் மின்மோட்டார் நிற்கிறது. பயன்படுத்திய தண்ணீர் எங்கே போயிற்று என்பதற்குப் பெல்லந்தூர் ஏரி சாட்சி. கழிவு சேர்ந்து சேர்ந்து 2017இல் அந்த ஏரி தீப்பற்றி எரிந்தது. 2024 கோடையில் ஆழ்துளைக் கிணறுகள் வற்றியபோது குடத்தோடு லாரிக்குக் காத்து நின்றவர்களில் கட்டடத் தொழிலாளிகள் எத்தனையோ பேர். மழை பொய்த்து ஊரைவிட்டு வந்தவர்கள் அவர்கள். விடிகாலையில் இந்த நகரத்தின் சந்திப்புகளில் கூலிக்காக நிற்பவர்களைப் பாருங்கள். மத்தேயு 20ஆம் அதிகாரத்தில் சந்தைவெளியில் நின்றவர்களை அங்கே காணலாம். அந்த உவமையில் எஜமான் கடைசி மணி நேரத்தில் வந்தவனுக்கும் முழுநாள் கூலி கொடுத்தான். அவனுக்கும் வீட்டில் ஓர் உலை காத்திருந்தது.

நம் சபைகளில் அறுப்பின் பண்டிகை வருகிறது. கே.ஆர். மார்க்கெட்டில் வாங்கி வந்த பூசணியையும் வாழைத்தாரையும் ஏலம் விடுகிறோம். அதில் நான் குறை காணவில்லை. வயலை இழந்தவர்கள் வயலை மறக்காதிருக்கும் வழி அது. அறக்கட்டளையாரிடமும் ஆயர்மாரிடமும் ஒரு விண்ணப்பம் மட்டும் வைக்கிறேன். ஏலம் முடிந்ததும் அசனம் என்ற சபை விருந்து நடக்குமே, அதற்குப் பக்கத்துச் சந்திப்பில் கூலிக்கு நிற்பவர்களை அழையுங்கள். எந்த ஊர், எந்த மதம், எந்தச் சாதி என்று கேட்க வேண்டாம். முதல் பந்தியில் நம் மூப்பர்களுக்கு நடுவே அவர்களை உட்கார வையுங்கள்; அன்றைய கூலி போகுமே என்று தயங்கினால், ஏலப் பணத்திலிருந்து அதையும் கொடுங்கள்.