தளைபடாத மலை

யாப்பிலக்கணம் படித்தவர்களுக்குத் தளை என்ற சொல் புதிதன்று. சீரோடு சீர் கட்டுண்டு நிற்பது தளை. கைதியின் காலிற் கிடப்பதும் தளைதான். நம்மவர் பனையேறும்போது காலில் மாட்டிக்கொள்வது தளைநார். இச்சொல்லின் எதிர்ப்பதத்தைச் சட்டப் புத்தகத்தில் ஏற்றிய ஒருவரைப் பற்றியே இன்று பேச நினைக்கிறேன்.

அவர் ஹவார்ட் ஸானைஸர். 1945 முதல் அமெரிக்க வனாந்தரச் சங்கத்தின் செயலாளர். அதன் சஞ்சிகையாசிரியரும் அவரே. வீதியில்லா மலைப் பிரதேசங்களைக் காக்கும் சட்டமூலத்தை 1956இல் எழுதினார். அது 66 தடவை திருத்தப்பட்டது. அவருடைய மேலங்கியின் உட்புறத்தில் பெரிய பைகள் தைத்திருந்தனவாம். சட்டமூலப் பிரதிகளோடு தாந்தேயும் தோரோவும் அவற்றில் இருப்பார்கள். நல்ல கூட்டணி!

சட்டம் எதற்கு, திணைக்கள உத்தரவு போதாதா? போதவில்லை. அல்டோ லியோபோல்டின் யோசனைப்படி, 1924இல் நியூ மெக்சிக்கோவின் கீலா மலைக்காட்டில் ஏறத்தாழ 750,000 ஏக்கரை வனத் திணைக்களம் ஒதுக்கியது. சில ஆண்டுகளிலேயே அதன் ஊடாக ஒரு வீதி போடப்பட்டது. ஓர் அதிகாரியின் பேனா ஒதுக்கியதை இன்னோர் அதிகாரியின் பேனா திருப்பி எடுத்துவிடும்.

ஸானைஸர் தேர்ந்த சொல் 'அன்ட்ரம்மல்ட்'. ட்ரம்மல் என்பது மீன் வலை. குதிரையின் காற்கட்டும் அதுவே. வாசிப்பவர்கள் இதனை 'மிதிபடாத' என்று பிழையாகக் கொள்வார்கள், 'குலைக்கப்படாத' என்று எழுதலாமே என்றனர் நண்பர்கள். அவர் இசையவில்லை. தீயும் புயலும் காட்டைக் குலைக்கலாம். ஆனால் அவை அதற்குத் தளையிடுவதில்லை. ஒரு சொல்லுக்காக இவ்வளவு பிடிவாதம் கவிஞர்களிடம்கூட அரிது.

ஆனால் அதே சட்டம் மனிதனை அங்கு வந்துபோகும் விருந்தாளி என்கிறது. எனக்கு இது நெருடுகிறது. மொன்டானாவின் அந்த மலைகளில் பிளக்ஃபீட் மக்கள் தலைமுறை தலைமுறையாக வேட்டையாடியவர்கள். அவர்கள் யாருக்கு விருந்தாளிகள்?

விட்டுக்கொடுப்புகளும் இருந்தன. முன்பே மேய்ந்த மந்தைகள் தொடர்ந்து மேயலாம். சுரங்க உரிமை கோர 1983 முடிவு வரை அவகாசம். இவற்றுக்கு இணங்கித்தான் சட்டம் நிறைவேறியது. காங்கிரஸ் சட்டமியற்றினாலன்றி ஒரு வனாந்தரத்தைச் சேர்க்கவோ நீக்கவோ இயலாது. மொன்டானாவில் பொப் மார்ஷலின் பெயரால் அமைந்த வனாந்தரம் மட்டும் பத்து இலட்சம் ஏக்கருக்கு மேல். வீதி கிடையாது, கால்நடையாகவோ குதிரையிலோ போகவேண்டும்.

நம் நாட்டிலும் 1988இல் தேசிய மரபுரிமை வனாந்தரச் சட்டம் வந்தது. சிங்கராஜ அதன்கீழ் அதே ஆண்டு அறிவிக்கப்பட்டது. 1970களில் இயந்திரங்கள் மரம் தறித்த காடு அது. மக்களின் எதிர்ப்பால் 1977இல் தறிப்பு நின்றது.

ஸானைஸர் 1964 மே 5இல் காலமானார். செப்டெம்பர் 3இல் ஜனாதிபதி ஜோன்சன் கையொப்பமிட்டபோது, அவர் மனைவி அலிஸ் அருகில் நின்றார். அன்று 91 இலட்சம் ஏக்கர் அந்தச் சொல்லின்கீழ் வந்தது. இன்று 11 கோடி ஏக்கருக்கு மேல்.